ஹாண்டெலும் டப்ளின் கடனாளிகளும்

1742-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ந் தேதி, செவ்வாய்க்கிழமை, நண்பகல். அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், பிஷாம்பிள் தெருவிலிருந்த புதிய சங்கீத மண்டபத்தில் சுமார் 700 ஜனங்கள் நெருக்கமாய்க் கூடியிருந்தனர். மண்டபமோ 600 பேருக்குத்தான் வசதியானது. ஆதலால், சீமாட்டிகள் வளையம் வைத்துத் தைத்த அகலப் பாவாடைகளை உடுத்து வரலாகாதென்றும், கனவான்கள் இடையில் உடைவாளின்றி வரவேண்டுமென்றும் நிர்வாகிகள் பத்திரிகை மூலமாக முன்னரே வேண்டிக்கொண்டிருந்தனர். நகரத்தின் இரண்டு பெரிய தேவாலயங்களைச் சேர்ந்த பாடகர்களும், ராஜப் பிரதிநிதியின் வாத்திய கோஷ்டியாரும், நாடக மேடையில் பேர் பெற்ற ஒரு மாதும் ஒரே மேடையில் இருந்தனர். அவர்களை நடத்தியவர் 57 வயது நிரம்பிய ஒரு ஜெர்மானியர். அன்று வசூலான சுமார் 400 பவுன் மூன்று தர்மங்களுக்குச் சமமாகப் பங்கிடப்பட்டது. அவற்றுள் ஒன்று, கடனுக்காகச் சிறையில் அடைபட்டோரை மீட்கும் தர்மம். அதன் பயனாய் 142 பேர் சிறையினின்றும் விடுதலை அடைந்தனர்.

அந்த ஜெர்மானியரின் பெயர் ஜியார்ஜ் பிரெடரிக் ஹாண்டெல். அன்று பாடப்பட்டது 'மெஸ்ஸையா' என்னும் கிருதி. அதனை அவர் 24 நாட்களில் எழுதி முடித்தார் என்று உலகம் வியக்கின்றது. வியப்பதற்குரிய விஷயமே. ஆயினும், எழுதி முடித்த ஏடு மேடைக்கு வந்து சேர்வதற்கு ஏழு மாதங்கள் சென்றன என்பதை யாரும் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. 24 நாட்களில் நிகழ்ந்தது ஒரு மேதையின் வேலை. ஏழு மாதங்களில் நிகழ்ந்தது, ஒருவரையொருவர் மதியாத பல கூட்டத்தாரை ஒன்று சேர்த்த வேலை. இவ்விரண்டனுள் பின்னது எளிதென்று நாம் கருதவில்லை. அதனைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

ஐரோப்பிய சங்கீத முறையைப் பழகாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நம்முடைய கச்சேரியில் பாடுவோர் ஒருவர் அல்லது இருவர், பக்கவாத்தியக்காரர் அவருடைய போக்கை உணர்ந்து உடன் செல்வார், ஏடு தேவையில்லை. அவர்களுடைய முறையிலோ, கூட்டமாகப் பாடுவோர் உச்சக் குரல் முதல் தாழ்ந்த குரல் வரையில் நான்கு வகையாகப் பிரிந்து நிற்பர். ஒவ்வொரு வகையினரும் தமக்கென எழுதப்பட்டதை ஏககாலத்தில் பாடுவர். பிடிலுக்கும், எக்காளத்துக்கும், முரசுக்கும் தனித்தனி ஏடுகள் உண்டு. ஒரு பிரிவினர் ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் முழுக் கட்டடமும் சரியும். இஃதன்றியும், அக்காலத்தில் நல்ல பாடகர்கள் பெரும்பாலும் தேவாலயத்தில் சம்பளம் பெற்றுக் குருமாரின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தனர். வாத்தியக்காரர்களோ நாடகசாலைகளையும் பிரபுக்களின் மாளிகைகளையும் அண்டிப் பிழைத்தனர். பாடகருக்கு ஓர் எஜமானன், வாத்தியக்காரருக்கு வேறோர் எஜமானன். இருவருக்கும் உலகில் கிடைத்த மதிப்பும் ஒன்றன்று.

ஹாண்டெல் 1685-ம் வருஷம் பிப்ரவரி 23-ந் தேதி ஜெர்மனியில் ஹாலே என்னும் நகரில் பிறந்தார். தகப்பனார் நாவிதத் தொழிலோடு ரண வைத்தியமும் சேர்ந்த அக்கால வழக்கப்படி அத்தொழிலில் முன்னேறியவர். பிள்ளை பிறக்கும்போது அவருக்கு 62 வயது. மகன் சட்டம் படித்து உத்தியோகம் பெறவேண்டுமென்பது அவருடைய எண்ணம். வைஸென்பெல்ஸ் நகரத்துப் பிரபு சிறுவனுடைய ஆர்கன் வாசிப்பைக் கேட்டுத் தகப்பனாருக்குப் புத்தி சொன்னதன் பேரில், ஸாஹோ என்ற தேவாலய வித்வானிடம் சிக்ஷை தொடங்கியது. 1703-ல் ஹாம்பர்க் நாடகசாலையில் பிடில் வாசிப்பவராகச் சேர்ந்தார். 1706 முதல் சில வருஷங்கள் இத்தாலியில் இருந்தார். ரோமாபுரியில் அப்பொழுது இசை நாடகங்களுக்குப் போப்பரசரின் தடை இருந்தது. ஆகவே, அங்கே அவர் தேவாலயத்துக்குரிய கிருதிகளை இயற்றினார். 1707-ல் அவர் எழுதிய ஒரு சங்கீர்த்தனத்தில் ஐந்து பிரிவுப் பாடகரும் பிடில்களும் ஒருவரோடொருவர் போட்டியிட்டு ஓடுகின்றனர். அப்பொழுது அவருக்கு 22 வயது. தடை ஒன்று குறுக்கிட்டால், அதன் பக்கத்திலேயே வேறொரு கதவைத் திறந்துகொள்வது இவருடைய சுபாவம் என்பதை நேயர்கள் இங்கேயே குறித்துக்கொள்வது நலம்.

1710-ல் ஹானோவர் சிற்றரசரிடம் உத்தியோகம் ஏற்று, அவ்வருஷமே விடுமுறை பெற்று லண்டனுக்கு வந்தார். 1711-ல் அவருடைய இசை நாடகம் ஒன்று அங்கே வெற்றி பெற்றது. 1712-ல் மீண்டும் வந்தவர், பிறகு லண்டனையே இருப்பிடமாகக் கொண்டார். 1714-ல் அந்த ஹானோவர் அரசரே இங்கிலாந்தின் மன்னர் முதலாம் ஜியார்ஜாக வந்து சேர்ந்தார்! 1727-ல் ஹாண்டெல் பிரிட்டிஷ் பிரஜையானார். சுமார் முப்பது வருஷம் இத்தாலிய பாஷையில் இசை நாடகங்களை எழுதி, நாடகசாலை நடத்தி, பணம் சம்பாதித்தார், இழந்தார், மீண்டும் சம்பாதித்தார். அக்கதையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நமக்கு வேண்டியவை இரண்டு நிகழ்ச்சிகள். இரண்டும் பாடகரையும் வாத்தியக்காரரையும் சேர்ப்பதில் அவர் பட்ட அடிகள்.

முதலாவது, 1727-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் நடந்த இரண்டாம் ஜியார்ஜின் முடிசூட்டு விழா. முடிசூட்டு விழாக்களில் நமக்கு அக்கறை இல்லை, பாட்டில்தான் அக்கறை. ஹாண்டெல் நான்கு கீதங்களை எழுதியிருந்தார். பாடகர் சுமார் 40 பேர் என்றும், பிடில், எக்காளம், முரசு முதலியவற்றை வாசித்தோர் 160 பேர் வரையில் என்றும் பத்திரிகைகள் எழுதின. 'ஸாதோக் என்னும் குரு' என்று தொடங்கும் கீதத்தில் பாடகர்கள் நெடுநேரம் வாய் திறவாமல் நிற்கிறார்கள். பிடில்கள் மட்டும் படிப்படியாய் ஏறுகின்றன. கேட்போர் பொறுமை எல்லையை அடையும் தருணத்தில், ஏழு பிரிவுப் பாடகரும் எக்காளமும் முரசும் ஒரே கணத்தில் எழுகின்றன. 2023-ல் நடந்த முடிசூட்டு வரையில் இந்தக் கீதம் அங்கே விடாமல் பாடப்பட்டு வந்திருக்கிறது.

ஆனால் முதல் நாள் நடந்தது என்ன? விழாவை நடத்திய பிரதம குருவாகிய வேக் என்பவர் தமது நிகழ்ச்சி முறைப் புஸ்தகத்தின் ஓரத்திலே, முதற் கீதம் முழுவதும் குழப்பமாயிற்றென்று தம் கையாலேயே குறித்து வைத்தார். விழாவின் தொடக்கத்தில் பாடவேண்டிய வேறொரு கீதம் பாடகர்களின் அஜாக்கிரதையால் பாடப்படாமலே போயிற்று. காரணம் தேடித் தூரம் போகவேண்டாம். கோஷ்டியாரைத் தனித்தனிப் பரண்களில் ஏற்றியிருந்தனர். ஒரு பரணிலிருந்தவர்களுக்கு மற்றதிலிருந்தவர்கள் தெரியவில்லை. யார் எங்கே நிற்பது என்பதைத் தீர்மானித்தவர்கள் தச்சர்களும் அரண்மனை அதிகாரிகளுமேயன்றிப் பாட்டை எழுதியவர் அல்லர். உலகம் போற்றும் கீதமும் பரண் கட்டுவதில் நேர்ந்த பிழையால் குலைந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி 1732-ல் நேர்ந்தது. எஸ்தர் என்னும் யூத ராணியின் கதையை ஹாண்டெல் முன்னொரு காலத்தில் ஆங்கிலத்தில் பாட்டாக அமைத்திருந்தார். அரண்மனைத் தேவாலயத்துச் சிறுவர்கள் அவ்வருஷம் பிப்ரவரியில் அதனை ஒரு விடுதியிலே நடித்துப் பாடினர். கேட்டவர்கள் மெச்சினர். அதனையே நாடகசாலையில் பெரிய அளவில் நடத்த ஏற்பாடாயிற்று. உடனே லண்டன் பிஷப்பாகிய கிப்ஸன் குறுக்கிட்டார். தேவாலயத்துப் பிள்ளைகள் நாடக மேடையில் வேஷம் தரித்து நடிக்கலாகாதென்று தடை விதித்தார். வேறொருவராயிருந்தால் பிஷப்போடு வழக்காடியிருப்பார்; அல்லது காரியத்தையே கைவிட்டிருப்பார். ஹாண்டெல் நடிப்பையும் வேஷத்தையும் நீக்கினார். பாடகர்கள் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பாட, வாத்திய கோஷ்டி உடனிருக்க, கதை முழுவதும் பாட்டாலேயே நடந்தது. ஜனங்கள் திரண்டு வந்தனர். ஆங்கில 'ஆரடோரியோ' என்னும் வகை மேடையேறிய விதம் இது. தடையுத்தரவு போட்ட பிஷப்புக்கு இதில் ஒரு பங்கு உண்டென்று நாம் சொன்னால், அந்தப் பெரியவர் மகிழ்ந்திருக்கமாட்டார்.

நடிப்பு நீங்கியதும் கூட்டுப் பாடகரின் நிலை உயர்ந்தது. இத்தாலிய நாடகங்களில் பெருஞ்சம்பளம் வாங்கிய தனிப் பாடகர்களே சர்வாதிகாரிகள். ஆரடோரியோவிலோ, ஜன சமூகமாகவும், சேனையாகவும், சிறைப்பட்ட இனமாகவும் கதையை நடத்திச் செல்பவர்கள் கூட்டுப் பாடகரே. 1739-ல் அரங்கேறிய 'எகிப்தில் இஸ்ரவேலர்' என்ற கிருதியில் அடிமைப்பட்ட ஒரு ஜாதியார் விடுதலை பெறும் கதையை, இரண்டு பாடகர் குழுக்களை எதிரெதிராய் நிறுத்திச் சொன்னார். அதே வருஷத்தில் ஸவுல் அரசன் கதைக்காக லண்டன் கோட்டையிலிருந்து பீரங்கிப் படையின் பெரு முரசுகளை இரவல் பெற்று வந்தார். இரவல் வாங்குவதற்கும் சர்க்காருக்கு விண்ணப்பம் எழுதத்தானே வேண்டும்! எகிப்துக் கதை அப்பொழுது எடுபடவில்லை. 1737-ல் வலக்கை விழுந்து, வெந்நீர் ஊற்று ஸ்நானத்தால் குணமடைந்திருந்த அவருக்கு, 1741 ஜனவரியில் அரங்கேறிய கடைசி இசை நாடகம் மூன்றே நாள் நடந்தது. லண்டன் அவரைக் கைவிட்டது போலிருந்தது.

அந்தத் தருணத்தில் அயர்லாந்தின் ராஜப் பிரதிநிதியாகிய டெவன்ஷியர் பிரபுவிடமிருந்து அழைப்பு வந்தது. அயர்லாந்தின் அன்றைய நிலையை நாம் மறந்துவிடலாகாது. பெரும்பான்மை ஜனங்களாகிய கத்தோலிக்கர், தண்டனைச் சட்டங்களால் உத்தியோகமும் வோட்டும் இழந்து தங்கள் நாட்டிலேயே அந்நியராய்க் கிடந்தனர். 1740, 1741 இரண்டு வருஷங்களிலும் கொடும் பனியும் பஞ்சமும் நாட்டைச் சூறையாடின. சுமார் 24 லக்ஷம் ஜனத்தொகையில் 3 லக்ஷத்துக்குக் குறையாதவர் மாண்டனர் என்பது சரித்திர ஆசிரியர்களின் மதிப்பு. ஹாண்டெல் வந்திறங்கிய டப்ளின் அந்தப் பஞ்சத்தின் வாசலில் நின்ற நகரம். அங்கே கடன் கொடுத்தவன் விரும்பினால் கடன்பட்டவனைச் சிறையில் வைக்கலாம். உள்ளே இருப்பவன் சம்பாதிக்க வழியில்லை. ஆதலால் கடன் தீராது. அதன் மேல் சிறைக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். சொற்பத் தொகைக்காக வருஷக்கணக்கில் வாடினோர் பலர். இவர்களை மீட்பதற்கென்றே தர்ம சங்கீத சபை ஒன்று டப்ளினில் இருந்தது. அச்சபையார் கட்டியதுதான் 1741 அக்டோபரில் திறக்கப்பட்ட பிஷாம்பிள் தெரு மண்டபம்.

ஹாண்டெல் மெஸ்ஸையாவை 1741 ஆகஸ்டு 22-ந் தேதி தொடங்கிச் செப்டம்பர் 14-ந் தேதி முடித்திருந்தார். வேத வாக்கியங்களைத் தொகுத்துக் கொடுத்தவர் ஜென்னென்ஸ் என்னும் செல்வர். அந்த மூல ஏட்டைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. வாத்தியங்கள் மிகச் சிலவே. பிடில் வகைகள், இரண்டு எக்காளங்கள், முரசு, சுருதிக்கும் தாளத்துக்கும் ஆதாரமான ஹார்ப்சிகார்டும் ஆர்கனும்: அவ்வளவுதான். கோட்டை முரசு வரவழைத்த மனிதர் இவ்வளவு சிக்கனமாய் எழுதியது ஏன்? எந்த ஊரிலும் கிடைக்கக்கூடிய கோஷ்டியைக் கொண்டு நடத்தும்படி எழுதினார் என்பதே நம் அபிப்பிராயம். சிக்கனத்திலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. எக்காளம் முதன் முறை கேட்பது தேவதூதர் பாடும் இடத்தில். அதுவும் தூரத்திலிருந்து கேட்பதுபோல் மெல்ல ஒலிக்கவேண்டுமென்று குறித்திருக்கிறார். முரசோ இரண்டாம் பாகத்தின் முடிவில் வரும் அல்லேலூயா வரையில் மௌனம். அங்கே ஒரு முறை, கிருதியின் முடிவில் மற்றொரு முறை, வேறெங்கும் இல்லை. முரசடிப்பவர் நெடுநேரம் சும்மா காத்திருக்கவேண்டும். அவ்வளவு நேரம் காத்திருந்ததனாலேயே அந்த முரசுக்கு அத்தனை பலம்.

நவம்பரில் புறப்பட்டார். காற்று சாதகமாயில்லாமையால் செஸ்டர் நகரில் சில நாள் தங்க நேர்ந்தது. அந்த நாட்களையும் வீணாக்கவில்லை. பிரதி செய்த ஏடுகளில் பிழை உண்டா என்று பார்க்க, பாடத் தெரிந்தவர்களை அவ்வூர்த் தேவாலயத்திலிருந்து தேடிப் பிடித்தார். வந்தவர்களில் ஒருவர் அச்சுத் தொழில் செய்பவர். ஏட்டைப் பார்த்தவுடனே பாடக்கூடியவர் என்று பேர் பெற்றவர். ஆனால் பாடச் சொன்னதும் தடுமாறினார். ஹாண்டெல் கோபத்தால் நாலைந்து பாஷைகளில் வைதார். அச்சுக்காரரோ, பார்த்துப் பாடுவது தமக்குத் தெரியும், முதல் முறை பார்க்கும்போதே பாடுவதுதான் தெரியாது என்று பணிவாகச் சமாதானம் சொன்னாராம். பிற்காலத்தில் சங்கீத சரித்திரம் எழுதிய பர்னி என்பவர் அப்பொழுது செஸ்டரில் பள்ளிப் பிள்ளை. இதைச் சொல்லி வைத்தவர் அவரே.

நவம்பர் 18-ந் தேதி டப்ளின் சேர்ந்தார். வந்தவுடன் மெஸ்ஸையாவை வெளியிட்டுவிடவில்லை. முதலில் சந்தாதாரர்களுக்கென ஆறு கச்சேரிகள் நடத்தினார். டிசம்பர் 23-ந் தேதி முதற் கச்சேரி. அவை வெற்றி பெறவே, மேலும் ஆறு நடத்தினார். பழைய கிருதிகளை நடத்துவதன் மூலம் அவ்வூர்ப் பாடகரின் சக்தியையும், டுபூர்க் என்பவரின் தலைமையிலிருந்த வாத்திய கோஷ்டியின் பழக்கத்தையும், மண்டபத்தில் ஒலி செல்லும் விதத்தையும் நாலு மாதம் அளந்து பார்த்தார். எல்லாம் திருப்தியாயிருக்கின்றன என்று ஜென்னென்ஸுக்குக் கடிதம் எழுதினார். புதிய கிருதி கடைசியில் வந்தது.

தடை மட்டும் இங்கேயும் விடவில்லை. அதை விதித்தவர் யார் என்று சொல்ல நமக்குச் சிறிது வருத்தமே. ஜோனதன் ஸ்விப்ட்! ஆங்கில மந்திரிகளின் தயவால் ஒருவன் செப்புக் காசு அடித்து அயர்லாந்தின் தலையில் கட்ட முயன்றபோது, 1724-ல் புனைபெயரில் கடிதங்கள் எழுதி, தேசம் முழுவதையும் ஒன்றாய் நிறுத்தி, அந்தக் காசைத் திருப்பியடித்த வீரர். தம் வருமானத்தில் ஒரு பகுதியை ஏழைத் தொழிலாளருக்குக் கடனாகக் கொடுத்து உதவியவர். அவர் பரிசுத்த பாட்ரிக் தேவாலயத்தின் டீன் என்னும் தலைமைக் குரு. தேவாலயத்துப் பாடகர்கள் அவர் அனுமதியின்றி வெளியே பாட இயலாது. கிறிஸ்து தேவாலயம் வேறு தலைவருக்கு உட்பட்டது. ஆனால் பாடகர்களில் பலர் இரண்டு ஆலயங்களிலும் சம்பளம் பெற்றவர்கள். ஒன்றில் தடை விழுந்தால் இரண்டும் குலையும். கடனாளிகளோடு தர்ம வைத்தியசாலைகளுக்கும் இதில் நன்மை உண்டாதலால், மெர்ஸர் ஆஸ்பத்திரி நிர்வாகிகளே இரு தேவாலயங்களிடமும் அனுமதி கேட்டிருந்தனர். அவ்விரு பாடகர் குழுக்களும் அந்த ஆஸ்பத்திரிக்காக வருஷந்தோறும் சேர்ந்து பாடி, ஹாண்டெலின் பழைய கிருதிகளில் தேர்ச்சி பெற்றிருந்ததும் உண்மை.

1742 ஜனவரி 28-ந் தேதி ஸ்விப்ட் ஓர் உத்தரவு பிறப்பித்தார். பிஷாம்பிள் தெருவிலுள்ள பிடில்காரர் கூட்டத்தில் பாடத் தாம் அனுமதி கொடுத்ததாகச் சொல்கிறார்கள்; அப்படி எதுவும் தமக்கு ஞாபகமில்லை; கொடுத்திருந்தாலும் அதை ரத்து செய்வதாகவும், அங்கே பாடவோ, பிடிக்கவோ, ஊதவோ, கொட்டவோ போகும் பாடகரை நன்றிகெட்டவரென்று தண்டிக்கவேண்டுமென்றும் அதில் கண்டது. அவருக்கு அப்பொழுது 74 வயது. நினைவு தளர்ந்துகொண்டிருந்தது. அவ்வருஷம் ஆகஸ்டில் அவர் சித்த சுவாதீனம் இழந்தவர் என்று சட்டப்படி தீர்மானிக்க நேர்ந்தது. ஆகவே, அந்த உத்தரவைக் கொண்டு அவரைக் குறை கூற நாம் துணியோம். எனினும், ஏழைக்காக வாழ்ந்த மனிதர் ஏழைக்கான காரியத்தையே தடுக்க நேர்ந்தது விதியின் விளையாட்டு. பிடில்காரர் என்றாலே இழிவு என்ற குருமாரின் பழைய எண்ணம், அறிவு மங்கிய பிறகும் அவர் நாவில் மங்காமலிருந்தது.

ஹாண்டெல் இதற்காகப் பத்திரிகையில் சண்டையிடவில்லை. ஆலயத்தைப் பகைக்கவும் இல்லை. பிப்ரவரி சென்றது, மார்ச்சும் சென்றது. மார்ச் 27-ந் தேதி டப்ளின் பத்திரிகையில் வந்த விளம்பரத்தில் இரண்டு தேவாலயங்களின் பாடகர்களும் உதவி புரிவார்கள் என்று அச்சாகியிருந்தது. அந்தப் பத்திரிகையின் அதிபர் பாக்னர், ஸ்விப்டின் நூல்களை வெளியிட்டவர்! ஏப்ரல் 9-ந் தேதி ஜனங்கள் முன்னிலையிலேயே ஒத்திகை நடந்தது. 13-ந் தேதி அரங்கேற்றம். தனியாகப் பாடவேண்டிய ஆண் குரல் பாட்டுக்களையும் தேவாலயப் பாடகர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்தார். கூலிக்கு வந்த கூட்டம் என்று அவர்கள் நினைக்க இடமில்லை. கிருதியில் ஒவ்வொருவருக்கும் சொந்த இடம் இருந்தது.

நாடக மாது ஸுஸன்னா ஸிப்பரைப் பற்றியும் சொல்லவேண்டும். கணவன் தொடுத்த வழக்கினால் 1738-ல் லண்டன் முழுவதும் அவள் பெயரை ஏசிற்று. வெகு காலம் மேடையை விட்டு ஒதுங்கியிருந்தவள் டப்ளினில் மீண்டும் நடிக்கத் தொடங்கியிருந்தாள். குரல் பெரிதன்று, ஸ்வர ஏடு படிக்கவும் போதிய பயிற்சியில்லை. ஹாண்டெல் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்வரமாகச் சொல்லிக் கொடுத்தார். மனிதரால் வெறுத்துத் தள்ளப்பட்டவரைப் பற்றிய பாட்டை அவளுக்கென்றே ஒதுக்கினார். அதை அவள் பாடியபோது, டிலேனி என்னும் குரு தம்மை மறந்து எழுந்து, இதன் பொருட்டு அவள் பாவமெல்லாம் மன்னிக்கப்படுக என்று வாழ்த்தினார் என்பர். அந்தக் குரு ஸ்விப்டின் நண்பர். பரிசுத்த பாட்ரிக் தேவாலயத்திலேயே உத்தியோகம் வகித்தவர். தேவாலயத்தார் தண்டனைக்குரிய இடமென்று கருதிய மேடைக்கு, தேவாலயத்தின் ஆசீர்வாதம் இவ்வாறு வந்து சேர்ந்தது.

சபைக்கும், மெர்ஸர் ஆஸ்பத்திரிக்கும், மற்றொரு தர்ம வைத்தியசாலைக்கும் தலைக்குச் சுமார் 127 பவுன் கிடைத்தது. பாடியவரும் வாசித்தவரும் தங்கள் பங்கை வேண்டாமென்று விட்டனர். ஜூன் 3-ந் தேதி மறுபடி நடந்தபோது, வெயிலின் புழுக்கம் தீர ஒவ்வொரு ஜன்னலிலும் மேற்புறக் கண்ணாடி ஒன்றைக் கழற்றி வைப்பதாக முன்னறிவிப்புச் செய்தனர். காற்று வருவது கூட ஏற்பாட்டில் சேர்ந்திருந்தது. ஆகஸ்டில் ஹாண்டெல் லண்டன் திரும்பினார்.

லண்டனில் 1743-ல் மெஸ்ஸையா உடனே எடுபடவில்லை. வேத வாக்கியங்களை நாடகசாலையில் பாடுவதா என்ற கூச்சல் எழுந்தது. கிருதியின் பெயரையே விளம்பரத்தில் போடாமல் நடத்தினார். அரசர் அல்லேலூயாவுக்கு எழுந்து நின்றார் என்ற கதைக்கு அக்காலத்துச் சாக்ஷியம் இல்லை. லண்டனில் அந்தக் கிருதிக்கு நிலையான இடம் தந்தது அரசர் அல்லர், அநாதைக் குழந்தைகள். தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர் பல வருஷம் அலைந்து 1739-ல் அதிகாரப் பத்திரம் பெற்று நிறுவிய குழந்தை விடுதிக்காக, 1750 மே 1-ந் தேதி ஹாண்டெல் அதன் ஆலயத்தில் மெஸ்ஸையாவை நடத்தினார். இடமின்றித் திரும்பியவர்களுக்காக 15-ந் தேதி மீண்டும் நடத்த வேண்டியதாயிற்று. பிறகு வருஷந்தோறும் நடந்தது. அவர் காலத்திலும் பின்னும் அந்த நிகழ்ச்சிகளால் விடுதிக்குச் சுமார் 7,000 பவுன் சேர்ந்தது.

1754-ம் வருஷத்து நிகழ்ச்சிக்கு விடுதியார் கொடுத்த சம்பளக் கணக்கு இன்றும் இருக்கிறது. வாத்தியக்காரர் 38 பேர். கூட்டுப் பாடகர் ஆறு சிறுவரும் பதின்மூன்று ஆடவரும். இவர்களன்றித் தனிப் பாடகர் ஐவர். வாத்தியக்காரரில் பாதிதான் பாடகர்! ஹாண்டெலின் அளவு இது. அவர் மறைந்த பின் ஆங்கிலேயர் இந்த அளவை மறந்தனர். 1784-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் 500 பேருக்கு மேல் சேர்ந்து பாடி வாசித்தனர். 1859-ல் லண்டன் கண்ணாடி மாளிகையில் 2,700-க்கு மேற்பட்ட பாடகரும் 460 வாத்தியக்காரரும் கூடினர். சாம்ராஜ்யத்தின் படாடோபம் சங்கீதத்தையும் பிடித்துக்கொண்டதென்று நாம் எண்ணுகிறோம். ஆயிரக்கணக்கான குரல்களின் நடுவே ஒரு பிடில் சொல்வது யார் செவிக்கு எட்டும்?

மற்றொன்றையும் மறைக்கலாகாது. டப்ளினில் சிறைக் கதவு திறக்க உழைத்த இந்த மனிதர், அடிமை வியாபாரத்தில் ஈடுபட்ட தென்கடல் கம்பெனியிலும், ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியிலும் பங்குகள் வைத்திருந்தார். அக்காலத்துப் பணக்காரர் பலர் வைத்திருந்தனர் என்பது சமாதானமாகாது. எகிப்தின் அடிமைகளுக்காக இரண்டு பாடகர் குழுக்களை நிறுத்தியவருக்கு, ஆப்பிரிக்கரின் விலங்கு ஒலி கேட்கவில்லை.

1751 பிப்ரவரியில் எழுதிக்கொண்டிருக்கையிலேயே இடக் கண் மங்கியது. எழுதுவதை நிறுத்த நேர்ந்ததென்று அந்த ஏட்டிலேயே குறித்தார். சில வருஷங்களில் பார்வை முழுவதும் போயிற்று. ஆயினும் ஆர்கன் வாசிப்பதையும், மேற்பார்வை செய்வதையும் விடவில்லை. 1759 ஏப்ரல் 6-ந் தேதி தாம் உடனிருந்த கடைசி மெஸ்ஸையாவைக் கேட்டார். 14-ந் தேதி காலமானார். வெஸ்ட்மின்ஸ்டரில் அடக்கம் செய்தபோது சுமார் 3,000 பேர் கூடினர்.

அவர் தமது மரண சாசனத்தில் வறுமையுற்ற சங்கீதக்காரர் சபைக்கு 1,000 பவுன் எழுதி வைத்தார். குழந்தைகள் விடுதிக்கோ பணமல்ல. மெஸ்ஸையாவின் மூல ஏட்டுக்கு ஒரு நல்ல பிரதியும், பாடகர், வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் உரிய தனித்தனி ஏடுகள் முழுவதும். தாம் இல்லாத காலத்திலும் யாரையும் கேளாமல் விடுதியார் நிகழ்ச்சியை நடத்திக்கொள்ள அவை போதும். 1759-லேயே பிரதி செய்து கொடுக்கப்பட்ட அந்த ஏடுகள் லண்டனில் அவ்விடுதியின் நினைவாக அமைந்த காட்சிசாலையில் இருக்கின்றன. டப்ளின் மூல ஏட்டில் இல்லாத ஓபோ வாத்தியம் பிற்காலத்தில் எந்தெந்த இடத்தில் பாடகரோடு சேர்ந்தது என்பதை அறிய, சங்கீத விற்பன்னர்கள் அவற்றையே புரட்டுகிறார்கள்.